கண்ணுக்குக் கீழே இரண்டு பைகள்

போன மாதம் ஊரிலிருந்து வந்த பேத்தி என் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு, "தாத்தா, அழுதீங்களா?" என்று கேட்டாள். அழவில்லை. கண்ணுக்குக் கீழே தொங்கும் பைகள் அப்படிக் காட்டுகின்றன. என் அப்பாவுக்கும் இவை உண்டு. "சின்ன ஆபரேஷன்தான்பா, பண்ணிக்குங்களேன்" என்றாள் மகள். ஓய்வு பெற்றவனுக்கு நேரத்துக்கா பஞ்சம்? இந்த ஆபரேஷனின் வரலாற்றைத் தேடிப் படித்தேன்.

கண்ணைச் சுற்றி மெத்தைபோலக் கொழுப்பு இருக்கிறது. கீழ் இமையில் ஒரு மெல்லிய சவ்வு அதை உள்ளே நிறுத்தி வைக்கிறது. வயதாக ஆக அந்தச் சவ்வு தளர்ந்து, நைந்த தலையணை உறையில் பஞ்சு பிதுங்குவதுபோலக் கொழுப்பு முன்னே வருகிறது.

1818-ல் ஜெர்மானிய மருத்துவர் கிராஃபே, சிதைந்த இமையைச் சீராக்கும் சிகிச்சைக்கு 'பிளெஃபரோபிளாஸ்டி' என்று பெயரிட்டார். அழகு என்ற பேச்சு பின்னால் வந்ததுதான்.

பாரிஸில் சூசான் நோயல் என்ற பெண் மருத்துவர் இருந்தார். முதல் உலகப் போரில் முகம் சிதைந்த வீரர்களுக்குச் சிகிச்சை செய்தவர். அழகு அறுவை சிகிச்சையின் சமூகப் பயன் பற்றி 1926-ல் ஒரு புத்தகமே எழுதினார். வயது முகத்தில் தெரிந்தால் பெண்களின் பிழைப்பு போய்விடும், அதற்காகவே இந்தச் சிகிச்சை என்பது அவர் கட்சி.

இமை முடிக்குக் கீழே தோலைக் கீறினால் ஒரு சங்கடம் உண்டு. தழும்பு இறுகி இமையைக் கீழே இழுத்துவிடலாம். 1924-ல் பிரெஞ்சு மருத்துவர் பூர்கே, இமையின் உட்புறமாகக் கீறிக் கொழுப்பை எடுக்கும் வழியை எழுதினார். வெளியே தழும்பே இல்லை.

கீழ் இமையில் கொழுப்பு மூன்று அறைகளாக இருப்பதை 1951-ல் காஸ்டன்யாரெஸ் விளக்கினார். அப்போதெல்லாம் பிதுங்குவதை வெட்டி எடுப்பதே வழக்கம். நிறைய எடுத்துவிட்டால் சில வருடங்களில் கண் குழிவிழுந்து, இன்னும் கிழடு தட்டிப்போகும். 1981-ல் பிரேசிலின் லோப் அந்தக் கொழுப்பையே நகர்த்திக் கீழேயுள்ள பள்ளத்தை நிரப்பினார். 1995-ல் அமெரிக்காவின் ஹாம்ரா, கொழுப்பை எடுக்காமல் கன்ன எலும்பின் விளிம்பைத் தாண்டிப் பரப்பும் முறையை எழுதினார். மேடு என்று வெட்டி எறிந்ததுதான் பக்கத்துப் பள்ளத்துக்கு வேண்டிய மண் என்று புரிய இத்தனை காலம் ஆயிற்று.

எனக்கு இது வேண்டாம். இதயத்தில் ஸ்டென்ட் இருக்கிறது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறேன். இந்த ஆபரேஷனில் அபூர்வமாகக் கண்ணுக்குப் பின்னால் ரத்தம் கசிந்து பார்வையே போகலாம். தவிர, இந்த முகத்தைக் காட்டி நான் இனி வாங்க வேண்டிய சம்பளம் எதுவும் இல்லை.

மகளிடம் இதைச் சொன்னேன். "சரிப்பா" என்றவள், சற்று நேரம் கழித்துக் கண்ணாடி முன் நின்று தன் கண்ணுக்குக் கீழே விரலால் அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு நாற்பத்திமூன்று வயது. அவள் கம்பெனியில் வருடா வருடம் இளசுகள் வந்து சேருகிறார்கள். அவள் கேட்டது எனக்காக மட்டும் இல்லை என்று அப்போதுதான் உறைத்தது. நோயலின் புத்தகத்தைப் பற்றி அவளிடம் இன்னும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை காபி குடிக்கும்போது சொல்ல வேண்டும்.