நீரில் கண்டதும் நிலத்தில் பயின்றதும்

கரையில் நின்றுகொண்டு நீந்தக் கற்க முடியாது என்பர். ஆயினும், நீந்துவதற்கு வேண்டிய வலிமையைக் கரையிலேயே வளர்க்கலாம் என்று நம்பியவர்கள் உண்டு. அந்நம்பிக்கை அமெரிக்காவில் வளர்ந்த வரலாறும், ஆராய்ச்சியால் அது திருத்தம் பெற்ற வரலாறும் ஆசிரியர்கள் அறியத்தக்கவை.

யேல் பல்கலைக்கழகத்தில் உடற்பயிற்சி ஆசிரியராகச் சேர்ந்த ராபர்ட் கிப்புத், பின்னர் நீச்சல் பயிற்சியாளராகி 1959 வரை பணியாற்றினார். மாணவர்களைக் குளத்தில் இறக்குமுன், உடற்பயிற்சிக் கூடத்தில் கப்பியில் கோத்த எடைகளை இழுக்கவும், கனத்த தோற்பந்துகளை எறியவும் பழக்கினார். தசை பருத்தால் நீச்சல் வீரனின் உடல் இறுகிப்போகும் என்று பலர் அஞ்சிய காலம் அது. ஆனால், அவருடைய அணி 528 போட்டிகளில் வென்று, பன்னிரண்டில் மட்டுமே தோற்றது.

எனினும், எந்த அசைவுக்குரிய வலிமையை வளர்ப்பது என்ற வினா எஞ்சி நின்றது. அதற்கு விடையை நீருக்குள்ளேதான் தேட வேண்டியிருந்தது. இரண்டாம் உலகப்போரில் குண்டுவீச்சு விமானம் ஓட்டிய ஜேம்ஸ் கவுன்சில்மன், 1957-ஆம் ஆண்டில் இந்தியானா பல்கலைக்கழகத்தில் பயிற்சியாளரானார். சிறந்த வீரர்கள் நீந்துவதை அவர் நீருக்கடியில் படம் பிடித்து ஆராய்ந்தார். கையைத் துடுப்புப்போல் நேராக இழுக்க வேண்டும் என்பதே அக்காலத்துப் போதனை. படத்திலோ முழங்கை மடங்கியிருந்தது. கை வளைந்த பாதையில் சென்றது! வீரர் பலர் தாம் செய்வதைத் தாமே அறிந்திருக்கவில்லை. இவ்வுண்மைகளை அவர் 1968-இல் 'நீச்சல் விஞ்ஞானம்' என்னும் பொருள்படும் ஆங்கில நூலில் விளக்கினார்.

அடுத்து அவர் தரைப்பயிற்சியையும் ஆராய்ந்தார். எடையைத் தூக்கும்போது தொடக்கத்தில்தான் பளு மிகுதி. நகரத் தொடங்கியபின் அது தன் வேகத்திலேயே ஓரளவு செல்லும். நீரின் தன்மை வேறு. எவ்வளவு விரைவாகத் தள்ளுகிறோமோ அவ்வளவுக்கு அது எதிர்த்து நிற்கும். ஆதலின், இழுக்கும் விசைக்கு ஏற்ப எதிர்ப்பும் கூடி, வேகம் மட்டும் மாறாதிருக்கும் கருவிகளை அவர் பரிந்துரைத்தார். அவர் மாணவர் மார்க் ஸ்பிட்ஸ் 1972-இல் மியூனிக் ஒலிம்பிக்கில் ஏழு தங்கப் பதக்கங்கள் பெற்றார். ஆயினும், ஒருவர் பெற்ற வெற்றி ஒரு கருவிக்குச் சான்றாகிவிடாது அன்றோ?

அச்சான்றைத் தேடியது அதே மாநிலத்துப் பால் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் டேவிட் காஸ்டில் நடத்திய ஆய்வுக்கூடம். பலகையில் குப்புறப் படுத்துக் கயிற்றை இழுக்கும் கருவியில் அளந்த கைத்திறனுக்கும், 25 கெஜம் நீந்தும் வேகத்துக்கும் நெருங்கிய தொடர்பு உண்டென 1982-இல் வெளியான ஆய்வு காட்டியது. தொடர்பெண் 0.90, முழுத் தொடர்புக்கு அது 1. இதனைக் கண்டோர், வலிமையைக் கூட்டினால் வேகமும் கூடும் என்று எண்ணுவது இயல்பே.

ஆனால், அதே ஆய்வுக்கூடத்தினர் 1993-இல் வேறொன்று கண்டனர். இருபத்து நான்கு வீரர்கள் ஒன்றாக நீந்திப் பழகினர். அவருள் பாதிப்பேர் எட்டு வாரம், வாரத்துக்கு மூன்று நாள் எடைப்பயிற்சியும் செய்தனர். அவர்கள் தூக்கிய எடை நூற்றுக்கு 25 முதல் 35 வரை உயர்ந்தது. நீச்சல் வேகத்திலோ இரு சாராருக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை! நிலத்தில் பெற்ற வலிமை நீருக்குள் இறங்கவில்லை. நீரில் நிகழும் அசைவோடு பயிற்சி போதிய அளவு ஒத்திராமையே காரணம் என்று அவர்கள் கருதினர்.

இதனால் தரைப்பயிற்சி வீணென்று கொள்ளுதல் தவறு. வலிமை வேறு, அதனை உரிய இடத்தில் பயன்படுத்தும் திறன் வேறு என்பதே இதன் கருத்து. முதலில் உள்ளதைக் கூர்ந்து காணுதல், பின்னர் அதற்கேற்பப் பயிற்றுதல், அதன்பின் பயன் விளைந்ததா எனச் சோதித்தல் ஆகிய மூன்றும் நீச்சலுக்கு மட்டுமன்றி, வகுப்பறைக்கும் பொருந்தும் நெறி எனலாம்.