கிரவுன் ஆயில்: டப்பா மேல இருக்கிற நம்பரோட கதை

ஸ்பேர்பார்ட்ஸ் கடையில் ஒரு மணி நேரம் நின்றால், "கிரவுனுக்கு 90 குடுங்க" என்ற குரல் நாலு தடவையாவது காதில் விழும். சிலர் "140" என்பார்கள். அதோட சரி. பாரம் இழுக்கிற வண்டிக்கு அந்த நம்பர் பாதி சேதிதான். மீதிப் பாதி டப்பாவின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கிறது. அந்தப் பொடி எழுத்து எங்கிருந்து வந்தது என்று தேடிப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

டவுனில் இருக்கிறவங்களுக்கு ஒரு விளக்கம். உங்க கார்ல பெரும்பாலும் முன்சக்கரம்தான் இழுக்கும். லாரி, பிக்கப்புல எஞ்சின் முன்னாடி, இழுக்கிற சக்கரம் பின்னாடி. பின் அச்சின் நடுவில் பூசணிக்காய் மாதிரி ஒரு புடைப்பு தெரியும் பாருங்க, அதுக்குள்ளே பினியன் என்ற சின்னப் பல்சக்கரம் கிரவுன் என்ற பெரிய பல்சக்கரத்தைச் சுற்றும். நீளவாக்கில் வரும் சுழற்சி அங்கேதான் குறுக்கே திரும்பிச் சக்கரத்துக்குப் போகிறது. வண்டி இழுக்கிற அத்தனை பாரமும் அந்தச் சில பற்களின் மேல்தான்.

மாட்டு வண்டிக் காலத்தில் அச்சுக்கு வண்டி மை போடுவார்கள். வைக்கோலைச் சுட்டுக் கரியாக்கி, விளக்கெண்ணெய் விட்டுக் குழைத்து, மூங்கில் குழாயில் அடைத்து வண்டிக்கடியில் தொங்கவிடுவது. மெதுவான ஓட்டத்துக்கு அது தாராளம். விளக்கெண்ணெய் இரும்பை லேசில் விடாது. இங்கிலீஷ்காரனுக்கும் அது தெரிந்திருந்தது. காஸ்ட்ரால் என்ற பேரே 1909ல் 'காஸ்டர் ஆயில்', அதாவது நம்ம ஆமணக்கெண்ணெயில் இருந்து வந்ததுதான்.

மோட்டார் வண்டி வந்த புதிதில் பின் அச்சுப் பற்கள் நேர் எதிரே சந்தித்து உருண்டன. கெட்டியான எண்ணெய் எது ஊற்றினாலும் ஓடியது. சிக்கல் 1920களில் ஆரம்பித்தது. அமெரிக்காவில் ராச்செஸ்டர் நகரத்து கிளீசன் கம்பெனி ஹைபாய்டு என்ற புதுவகைப் பல்லைக் கொண்டுவந்தது. 1926ல் பேக்கார்டு கார்களில் அது ஏறியது. பினியனை கிரவுனின் நடுமட்டத்துக்குக் கீழே இறக்கி வைத்தார்கள். ஷாஃப்ட் தாழ்ந்தது, காரின் தரையும் தாழ்ந்தது. பினியன் பெரிதாகி பலம் கூடியது, சத்தமும் குறைந்தது. எல்லாம் நல்லதுதான், ஒன்றைத் தவிர.

சேற்று வயலில் சக்கரம் உருளும், பரம்புப் பலகை இழுபடும். ஹைபாய்டு பல் இந்த ரெண்டையும் ஒரே நேரத்தில் செய்கிறது. உருண்டுகொண்டே வழுக்கி இழுபடுகிறது. அந்த அழுத்தத்தில் எண்ணெய்ப் படலம் பிதுங்கி வெளியே போய்விடும். இரும்போடு இரும்பு உரசி, தொட்ட இடம் ஒட்டிப் பிய்ந்து, பல்லின் முகமே உரிந்துவிடும். எண்ணெய் எவ்வளவு கெட்டியாக இருந்தாலும் இதைத் தடுக்க முடியாது. அதனால் எண்ணெயோடு மருந்து கலக்க வேண்டி வந்தது.

அந்த மருந்து கந்தகம். நாங்க மிளகாய்ச் செடியில சாம்பல் நோய்க்கு அடிக்கிற அதே சரக்கு. பல் உரசிச் சூடேறும் புள்ளியில் மட்டும் கந்தகம் இரும்போடு சேர்ந்து மெல்லிய தோல் ஒன்றை உண்டாக்கும். தேய்வது அந்தத் தோல்தான், பல் தப்பிக்கும். தேய்ந்த இடத்தில் மறுபடி தோல் கட்டும். கியர் ஆயில் டப்பாவைத் திறந்ததும் மூக்கைச் சுளிக்க வைக்கும் வாடை இதனுடையதுதான். முதலில் ஈயச் சோப்பும் கந்தகமும் கலந்தார்கள். பிறகு கந்தகமும் பாஸ்பரஸும் சேர்ந்த கூட்டு வந்தது.

இதில் திமிங்கிலத்துக்கும் ஒரு பங்கு உண்டு. ஸ்பெர்ம் திமிங்கிலத்தின் எண்ணெயில் கந்தகத்தை ஏற்றினால் அருமையான கியர் மருந்து கிடைக்கும். பல பத்தாண்டுகள் அது புழக்கத்தில் இருந்தது. 1970ல் அமெரிக்கா அந்தத் திமிங்கிலத்தை அழியும் இனப் பட்டியலில் சேர்த்து இறக்குமதியை நிறுத்தியதும் மாற்று தேட வேண்டியதாயிற்று. அப்போது கண்ணில் பட்டவற்றில் ஒன்று ஹொஹோபா, அரிசோனா, மெக்சிகோ பாலைவனத்துப் புதர்ச்செடி. அதன் கொட்டையில் இருப்பது எண்ணெய்கூட இல்லை, திரவ மெழுகு. திமிங்கில எண்ணெயின் ஜாதி. இப்போது ராஜஸ்தானிலும் பயிராகிறது. கடலில் இருந்த ஒரு சரக்குக்குப் பதில் பாலைவனத்துச் செடியில் கிடைத்தது எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

பொடி எழுத்துக்கு வருவோம். பீரங்கியையும் டிரெய்லரையும் இழுக்கும் ராணுவ லாரிக்குக் கண்ட எண்ணெயை ஊற்ற முடியாது. அமெரிக்க ராணுவம் 1950ல் எம்.ஐ.எல்-எல்-2105 என்று ஒரு தரம் வகுத்தது. 1962ல் அதை இன்னும் கடுமையாக்கியது. அந்த வழியில் வந்தவைதான் டப்பாவில் உள்ள ஜி.எல்-4, ஜி.எல்-5. ஜி.எல்-5ல் மருந்து ஏறக்குறைய இரட்டிப்பு, ஹைபாய்டு கிரவுனுக்கென்றே ஆனது. அதையே கொண்டுபோய்ப் பழைய கியர்பாக்ஸில் ஊற்றினால், உள்ளே இருக்கும் பித்தளை வளையங்களைக் கந்தகம் அரிக்கலாம். அதனால்தான் பல வண்டிகளில் கியர்பாக்ஸுக்கு ஜி.எல்-4, கிரவுனுக்கு ஜி.எல்-5. வெறுமனே "90" என்று கேட்டால் கடைக்காரர் இதில் எதை வேண்டுமானாலும் எடுத்து நீட்டலாம்.

90ம் 140ம் எண்ணெயின் கெட்டியை மட்டும் சொல்கிற எண்கள். எஞ்சின் ஆயில் அளவுகோலே வேறு. கியர் 90 கிட்டத்தட்ட எஞ்சின் 40, 50 அளவுக் கெட்டிதான். அந்த அளவுகோலிலும் ஒரு ஓட்டை இருந்தது. 100 டிகிரி சூட்டில் 13.5ல் இருந்து 24 அளவு வரை இருக்கும் எல்லாவற்றுக்கும் "90" என்றே பேர். ஒரு கம்பெனி 90க்கும் இன்னொரு கம்பெனி 90க்கும் மலையும் மடுவும். 2005ல்தான் எஸ்.ஏ.இ. அமைப்பு 90, 140 இரண்டின் அகலமான இடைவெளிகளையும் பிரித்து 110, 190 என்று புது எண்களைச் சேர்த்தது.

பாரம் இழுக்கும்போது இது ஏன் முக்கியம்? கிரவுன் கூட்டுக்குத் தனியாக ஃபேனோ ரேடியேட்டரோ கிடையாது. பிக்கப்பில் இரண்டு மூன்று லிட்டர் எண்ணெய்தான் அத்தனை சூட்டையும் தாங்குகிறது. சேலத்தில் இருந்து தர்மபுரி போகும்போது தொப்பூர் ஏற்றத்தில், பின்னால் டிரெய்லரோடு, மெதுவான கியரில் இழுத்துப் பாருங்க. பல்லில் பாரம் உச்சம், காற்றோட்டம் குறைவு, சூட்டில் எண்ணெய் நீர்த்துப் போகும். அந்த இடத்தில்தான் 85 டபிள்யூ 140 கைகொடுக்கும். அதற்காக எல்லா வண்டிக்கும் 140 ஊற்றுவதும் சரியில்லை. கெட்டி எண்ணெயைக் கலக்கிக்கொண்டு ஓடுவதே ஒரு சுமை, டீசல் கூடச் செலவாகும். அமெரிக்காவில் 1975ல் எரிபொருள் சிக்கனச் சட்டம் வந்த பிறகு, கம்பெனிகள் மெல்ல மெல்லிய 75 டபிள்யூ 90 பக்கம் நகர்ந்தன. ஆனாலும் சில பிக்கப் கையேடுகளில் டிரெய்லர் இழுத்தால் 75 டபிள்யூ 140 சிந்தெடிக் என்று தனியாக ஒரு வரி இருக்கும். அந்த ஒரு வரியைத்தான் நம்ம ஆட்கள் படிப்பதில்லை.

டிராக்டர் இந்தக் கணக்கில் சேராது. 1917ல் வந்த ஃபோர்ட்சன் டிராக்டரின் பின் அச்சில் இருந்தது புழுப் பல், உழும்போது ஓட்டுபவரின் இருக்கைக்கு அடியிலேயே சூடு ஏறும். 1939ல் ஹாரி ஃபெர்குசன் ஃபோர்டோடு சேர்ந்து விட்ட டிராக்டரில் கியர், பின் அச்சு, ஹைட்ராலிக் எல்லாவற்றுக்கும் ஒரே எண்ணெய். 1960ல் சென்னையில் தொடங்கிய டாஃபே தயாரிக்கும் மாஸ்ஸி ஃபெர்குசன் அந்த வம்சம்தான். பிறகு பிரேக்கையும் அதே எண்ணெயில் முக்கிய மாடல்கள் வந்தன. அதில் லாரிக்கு ஊற்றும் ஜி.எல்-5ஐ ஊற்றினால் பிரேக் தகடு வழுக்கும், கத்தும். பின்னால் ரெண்டு டிரெய்லர் கரும்போடு ஆலைக்குப் போகிறவன் பிரேக் பிடிக்கும்போது என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை. அதற்கென்று வெட் பிரேக் ஆயில் தனியாக விற்கிறார்கள், விலை கொஞ்சம் கூட.

லாரிக்கு வாங்கும்போது டப்பாவைத் திருப்பி, ஜி.எல் எண்ணை முதலில் பாருங்க, 90ஆ 140ஆ என்பது அப்புறம். பழைய எண்ணெயை இறக்கும்போது வடிகால் போல்ட்டில் காந்தம் இருந்தால், அதில் ஒட்டியிருப்பதை விரலால் தேய்த்துப் பாருங்க. வண்டி மை மாதிரி வழுவழுவென்று கருப்பாக வந்தால் கவலை இல்லை, அது வழக்கமான தேய்மானம். சில்லு சில்லாக வந்தால் அன்றைக்கு டிரெய்லரைக் கழற்றிவிட்டு நேரே மெக்கானிக்கிடம் போங்க.