போலி மண் கீறல்: வெண்வால் மான் வேட்டையில் ஒரு தந்திரம்

வட அமெரிக்கக் காடுகளில் இலையுதிர் காலத்தில் சருகு விலகி ஈரமண் தெரியும் சிறு வட்டங்களைக் காணலாம். இவை வெண்வால் மானின் இணைசேரும் பருவம் நெருங்கியதற்கான அறிகுறிகள். ஆண்மான் தாழ்ந்து தொங்கும் கிளையொன்றை நக்கி, அதில் நெற்றியைத் தேய்க்கிறது. பின்னர் கிளைக்குக் கீழுள்ள மண்ணை முன்னங்காலால் கீறுகிறது. பின்னங்கால்களைச் சேர்த்து நின்று, அவற்றின் உட்புறச் சுரப்பிகள் மீது வழியுமாறு அங்கே சிறுநீர் கழிக்கிறது. அடுத்து வரும் மான்கள் அதை முகர்ந்து தம் மணத்தையும் விட்டுச் செல்கின்றன. இத்தகைய கீறலை வேட்டைக்காரர் தாமே மண்ணைக் கிளறி, மான் சிறுநீர் தெளித்து உருவாக்குவதே போலி மண் கீறல் ஆகும்.

மானை ஏமாற்றி நெருங்குவது பழைய வழக்கம். 1591இல் தியோடர் டி பிரை வெளியிட்ட செதுக்கோவியம் ஒன்றில், புளோரிடாவின் திமுக்குவா மக்கள் மான்தோலைப் போர்த்திக்கொண்டு மான்களை நெருங்குகின்றனர். அங்கே ஏமாறியது மானின் கண். போலிக் கீறலில் ஏமாறுவது மூக்கு.

இத்தந்திரம் பரவுவதற்கு முதலில் மான்கள் மீள வேண்டியிருந்தது. இறைச்சிக்கும் தோலுக்குமான வணிக வேட்டையால் 1900 அளவில் அமெரிக்காவில் சில இலட்சம் வெண்வால் மான்களே எஞ்சியிருந்தன. 1900ஆம் ஆண்டின் லேசி சட்டம், துப்பாக்கி, தோட்டா வரியை வனவிலங்கு மீட்புக்கு ஒதுக்கிய 1937ஆம் ஆண்டுச் சட்டம், மாநிலங்களின் வேட்டைக் கட்டுப்பாடுகள் ஆகியவற்றின் துணையுடன் அவை மீண்டன. 1969இல் காப்புரிமை பெற்ற கப்பி வில் வில்வேட்டையைப் பலருக்கு எளிதாக்கியது. எனினும் அம்பு எய்ய மான் மிக அருகில் வந்தாக வேண்டும். பண்ணை மான்களின் சிறுநீர் புட்டிகளில் விற்பனைக்கு வந்தது. ஆனால் மான்கள் பெரும்பாலும் இரவிலேயே கீறல்களுக்கு வருகின்றன; பகலில் காத்திருக்கும் வேட்டைக்காரருக்கு விளம்பரம் சொல்லும் அளவு பயன் கிட்டுவதில்லை.

சிக்கல் வேறு திசையிலிருந்து வந்தது. 1967இல் கொலராடோவின் ஆய்வு நிலையமொன்றில் அடைத்து வைத்திருந்த மான்கள் மெலிந்து இறந்தன. நாட்பட்ட மெலிவு நோய் எனப்படும் இது, உருமாறிய புரதமான பிரியானால் உண்டாகி மூளையைச் சிதைக்கிறது, இதற்கு மருந்தில்லை. நோயுற்ற மானின் உமிழ்நீரிலும் சிறுநீரிலும் பிரியான் வெளியேறி, மண்ணில் பல ஆண்டுகள் தங்குகிறது. மானை வரவழைக்கும் புட்டியே நோயையும் கொண்டுவரலாம் என்ற அச்சத்தால் வர்ஜீனியா 2015இல் இயற்கைச் சிறுநீர்க் கவர்ச்சிப் பொருள்களைத் தடை செய்தது. வேறு சில மாநிலங்களிலும் இத்தகைய தடைகள் உள்ளன.

இன்று செயற்கை மணமும், கிளைக்குப் பதிலாகத் தொங்கவிடும் கயிறும் பயன்படுகின்றன. இவற்றில் பண்ணைச் சிறுநீர் இல்லை. ஆயினும் பல மான்கள் ஒரே கயிற்றை நக்குவது தொடர்கிறது.