சிராம்பியடிக்கு வந்த சிப்பாய்கள்

பாலாவியில இருந்து புத்தளம் டவுனுக்குப் போய், அநுராதபுர வீதியில திரும்பினால் சிராம்பியடி வரும். ஆபிரிக்க வம்சாவளிக் குடும்பங்கள் அங்கே வாழுது. டிவிக்காரர் கமராவோட வந்தால் அவங்கட மஞ்ஞா பாட்டைப் பிடிச்சுக்கொண்டு போவாங்க. மூதாதையர் பிரித்தானியப் படையில இருந்தவங்க என்பது நிகழ்ச்சியில ஒரு வரியோட முடிஞ்சிடும். எங்களுக்கு அந்த வரியிலதான் சந்தேகம். ஆபிரிக்கர் ஏன் இலங்கையில துவக்குத் தூக்கினாங்க?

போர்த்துக்கீசரும் ஒல்லாந்தரும் ஆபிரிக்க அடிமைகளை இங்கே கொண்டு வந்தது தெரிந்த கதை. கொழும்பில ஒரு பகுதிக்கே 'அடிமைத் தீவு' என்று ஆங்கிலப் பெயர் இருந்தது. ஆனால் முழுப் படையணியாகத் திரட்டினது பிரித்தானியர். 1803இல் கண்டியைப் பிடிக்கப் போன அவங்கட படை அங்கேயே அழிஞ்சது. சண்டையில செத்த வெள்ளைக்காரரை விட காய்ச்சலில செத்தவங்க ஏராளம். ஆபிரிக்கர் இந்தக் காய்ச்சலைத் தாங்குவாங்க என்று ஆளுநர் பிரெடெரிக் நோர்த்தும் அவருக்குப் பின் வந்தவங்களும் நம்பினாங்க. கோவாவிலும் மொசாம்பிக்கிலும் போர்த்துக்கீசரிடம் காசு கொடுத்து ஆட்களை வாங்கினாங்க. ஆட்சேர்ப்பு என்று எழுதினாலும் அது கொள்முதல்தான். இதே காலத்தில மேற்கிந்தியத் தீவுகளின் படையணிகளுக்காக பிரித்தானியா 13,000க்கு மேற்பட்ட அடிமைகளை விலைக்கு வாங்கியிருக்கு.

இலங்கைப் படையணிகளில முதலாவது மலாயருடையது. மூன்றாவதும் நான்காவதும் ஆபிரிக்கருடையவை. உள்ளூர் ஆளை உள்ளூர் ஆளுக்கு எதிரா நிறுத்தினால் மனம் மாறலாம், ஊரும் உறவும் இல்லாதவன் எங்கே போவான் என்ற கணக்கு இதில இருந்தது. கண்டி விழுந்த பிறகு அந்த ரெண்டையும் கலைச்சு, ஆட்களை மற்றப் படையணிகளில சேர்த்தாங்க. கடைசியா இலங்கை ரைபிள் படையணியும் 1873இல் கலைக்கப்பட்டது. புத்தளத்தில காவலுக்கு நின்றவங்க குடும்பத்தோட இங்கேயே தங்கிட்டாங்க.

ஆபிரிக்காவுக்கு உள்ளேயும் பிரித்தானியா இதே மாதிரித்தான் படை கட்டியது. 1902இல் உருவான 'மன்னரின் ஆபிரிக்க ரைபிள்ஸ்' படையில சிப்பாய்கள் கறுப்பர், அதிகாரிகள் வெள்ளையர். இரண்டாம் உலகப் போரில அந்தப் படை இலங்கைக்கும் வந்து, இங்கே பயிற்சி எடுத்து பர்மாவுக்குப் போனது. சுதந்திரம் கிடைச்ச பிறகு அதன் பிரிவுகள் கென்யா, உகண்டா, தங்கனீக்காவின் தேசிய இராணுவங்களாச்சு. அதிகாரிகள் மட்டும் மாறல்ல. 1964 ஜனவரியில தங்கனீக்காச் சிப்பாய்கள் சம்பளம் கூட்டணும், வெள்ளை அதிகாரிகள் போகணும் என்று கலகம் செய்தாங்க. கேட்கிறதுக்கு அவங்களுக்கு ஒரு நாடு இருந்தது. 1873இல் புத்தளத்துச் சிப்பாய் யாரிட்டக் கேட்பான்?

பெயரிலும் ஒரு சிக்கல் இருக்கு. முஸ்லிம் அல்லாதவரைக் குறிக்க அரபு வணிகர் சொன்ன 'காஃபிர்' போர்த்துக்கீசரிடம் 'கஃப்ரே' ஆகி, தமிழில 'காப்பிரி' ஆச்சு. எங்கட பக்கத்தில மத்ரசா போன பிள்ளைக்கு அந்த அரபுச் சொல்லின் அர்த்தம் நல்லாத் தெரியும். தென்னாபிரிக்காவில அது வாயால சொல்லக் கூடாத வசை. சிராம்பியடியிலோ அந்த மக்களே தங்களை அப்படிச் சொல்லிக்கொள்றாங்க. கலியாண வீட்டில நாங்க ஆடுற பைலாவோட சேர்ந்த 'கஃப்ரிஞ்ஞா'வும் இந்தச் சொல்லில இருந்துதான் வந்தது.

பாட்டை மட்டும் எடுத்துக்கொண்டு போறது எல்லாருக்கும் வசதி. படையைப் பற்றிப் பேசினால் கண்டிக்கு எதிரா நின்றவங்க என்ற பேச்சும் வரும். ஆனால் துவக்கைப் பிடிச்ச கையை விலைக்கு வாங்கியது யார் என்பதையும் சேர்த்துத்தானே பேசணும்?

2012 குடிசனக் கணக்கெடுப்பில மலாயருக்குத் தனி நிரல் இருக்கு. இவங்களைத் தேடினால் 'ஏனையோர்' என்ற நிரலுக்குள்ளதான் பார்க்கணும். 1990இல் வடக்கில இருந்து துரத்தப்பட்ட முஸ்லிம்கள் வந்து குடியேறின பிரதேசம் இது. "நீங்க எப்ப வந்தீங்க?" என்ற கேள்வி பாலாவியில இன்னும் கேட்கப்படுது. சிராம்பியடியில கேட்டால் 'ரெஜிமெண்டோட வந்தோம்' என்று சொல்லலாம்.