ஹலப் நகரத்து ஸ்தம்மா

கி.பி. 1747ஆம் ஆண்டு. லண்டன் மாநகரில் ஸ்லாட்டர்ஸ் என்னும் காப்பிக் கடையில் இருவர் சதுரங்கப் பலகையின் முன் அமர்ந்தனர். ஒருவர் பிரெஞ்சு இசைவாணர் பிலிடோர். இருபது வயதை ஒட்டிய இளைஞர். மற்றவர் ஷாம் நாட்டின் ஹலப் நகரிற் பிறந்த கிறிஸ்தவ அரபியர் பிலிப் ஸ்தம்மா. ஆங்கில அரசில் கீழை மொழிகளுக்கு மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றியவர்.

ஆட்டங்கள் பத்து. அத்தனையிலும் முதல் நகர்வைப் பிலிடோர் எதிராளிக்கே விட்டுக்கொடுத்தார். இன்றைய வழக்கிற் கூறினால், பத்திலும் கறுப்புக் காய்களைத் தாமே ஏற்றார் என்க. சமநிலையில் முடியும் ஆட்டமும் ஸ்தம்மாவின் வெற்றியாகவே கொள்ளப்படும் என்றும் இசைந்தார். இத்துணைச் சலுகையிருந்தும் ஸ்தம்மாவின் கணக்கில் ஏறியவை இரண்டே. அவற்றுள்ளும் ஒன்று சமநிலை ஆட்டம். முந்தி நகர்பவருக்கே அனுகூலம் மிகுதி என்பதை ஆடுவோர் அறிவர். ஆதலின் அது சிறு தோல்வியன்று.

தோற்றவர் என்ற ஒரு வரியோடு அவரைக் கடந்துவிடுவோர் பலர். நம்மவரோ ஷத்ரஞ்ச் வரலாற்றைப் பக்தாதில் தொடங்கி அந்தலூஸில் நிறுத்திவிடுகிறோம். இரண்டும் முறையன்று என்பது என் துணிபு.

1737இல் பாரீஸில் அவர் வெளியிட்ட நூலில் நூறு ஆட்டநிலைகள் உள்ளன. காய்கள் இவ்வாறு நிற்கையில் வெல்வது எங்ஙனம் என வினவும் புதிர்கள் அவை. அரபியர் இதனை மன்ஸூபா என்பர். ‘நிறுத்தி அமைக்கப்பட்டது’ என்பது சொற்பொருள். அல்-அத்லீ, அபூபக்ர் அஸ்-ஸூலீ ஆகியோர் பேணிய கலை இது. (அஸ்-ஸூலீயை வெறும் ஆட்டக்காரர் என எண்ணற்க, கவிஞர் அபூ தம்மாமின் வரலாற்றை எழுதிய பேரறிஞர் அவர்.)

அந்நூலில் மற்றொரு புதுமையும் உண்டு. அரசனின் சிப்பாய் இத்தனை கட்டம் செல்க என்று நீட்டி எழுதிவந்த ஐரோப்பியரிடையே, ஸ்தம்மா ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓர் எழுத்தும் ஓர் எண்ணும் சேர்ந்த பெயரிட்டார். எழுத்தையும் எண்ணையும் இணைக்கும் அப்ஜத் கணக்கு வழங்கிய மொழியிற் பிறந்தவர் அவர் என்பதை இங்கு நினையாதிருக்க இயலவில்லை.

1749இல் பிலிடோரின் நூல் வெளிவந்தது. சிப்பாய்களின் வலிமையை விளக்கிய அந்நூலின் புகழில் ஸ்தம்மா மறைந்தார். ஆங்கிலம் வழங்கும் நாடுகளோ அவரது குறியீட்டை இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஒதுக்கியே வைத்திருந்தன. ஜெர்மானியர் அதனைச் செப்பனிட்டு வளர்த்தனர். 1981இல் உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு அவ்வகைக் குறியீட்டையே அதிகாரபூர்வமாக்கியது. நம் பிள்ளைகள் ஆடும் பலகைகளின் ஓரத்தில் அச்சிடப்பட்டுள்ள எட்டு எழுத்துகளும் எட்டு எண்களும் அவ்வழி வந்தவையே.