தொப்பூர் கணவாயில் இறங்கும் வைன் லாரி: உள்ளே இருக்கும் பாட்டிலுக்கு என்ன ஆச்சுன்னு எப்படித் தெரியும்?

பெங்களூரிலிருந்து மதுரைக்கு ஒரு குளிர்சாதன லாரி கிளம்புகிறது என்று வைத்துக்கொள்வோம். உள்ளே வைன் பெட்டிகள். தேசிய நெடுஞ்சாலை 44-ல் ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி தாண்டி தொப்பூர் கணவாய்க்கு வரும்போது முன்னால் ஒரு விபத்து. வண்டிகள் வரிசைகட்டி நிற்கின்றன. டீசல் மிச்சப்படட்டும் என்று டிரைவர் குளிரூட்டும் யூனிட்டை அணைத்துவிடுகிறார். பல மணி நேரம் கழித்துப் பாதை திறந்ததும் மறுபடி போட்டுவிடுகிறார். மதுரையில் இறக்கும்போது பெட்டிக்குள் ஜில்லென்றுதான் இருக்கிறது. ஒரு பாட்டில்கூட உடையவில்லை.

அப்போ சரக்கு நல்லா இருக்குன்னு கையெழுத்துப் போட்டுடலாமா? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் ஸ்மார்ட் கண்காணிப்புக் கருவிகள் வந்திருக்கின்றன. அவை எப்படி வேலை செய்கின்றன, எதைக் காப்பாற்றும், எதைக் காப்பாற்றாது என்பதை இங்கே பார்க்கலாம்.

வைனுக்கு ஏன் இவ்வளவு கவனிப்பு?

விஸ்கி, பிராந்தி போன்றவற்றில் ஆல்கஹால் அளவு அதிகம். அவை சூட்டை ஓரளவு தாங்கிவிடும். வைன் அப்படியில்லை. பாட்டிலுக்குள் போன பிறகும் அதில் வேதி மாற்றம் நடந்துகொண்டே இருக்கும். அதை நீண்ட காலம் வைத்திருக்க ஏற்ற வெப்பநிலை சுமார் 12 முதல் 14 டிகிரி செல்சியஸ். சூடு ஏறினால் திரவம் விரிந்து கார்க்கை மேலே தள்ளும். அந்த இடுக்கில் காற்று புகுந்தால் சுவை கெட்டுவிடும். கோடையில் மூடிய லாரிப் பெட்டியின் உட்புறம் வெளியே இருப்பதைவிடப் பல டிகிரி அதிகமாகச் சூடாகும். கடுமையான வெளிச்சமும் ஆகாது.

பெரிய சிக்கல் என்னவென்றால், சூட்டில் கெட்ட வைன் பல நேரம் வெளியே பார்க்க அப்படியேதான் இருக்கும். திறந்து குடித்துப் பார்த்தால்தான் தெரியும். திறந்துவிட்டால் அதை விற்க முடியாது. வருடக்கணக்கில் சேர்த்து வைத்த பாட்டில்கள் என்றால் சோதித்துப் பார்ப்பதே நஷ்டம்தான்.

இந்த ரூட்டில் வைன் எங்கிருந்து வருது?

கர்நாடகாவில் நந்தி மலையை ஒட்டிய தொட்டபல்லாபூர் பகுதியில் குரோவர் குடும்பத்தின் திராட்சைத் தோட்டம் 1988-ல் தொடங்கப்பட்டது. மகாராஷ்டிராவின் நாசிக் இந்தியாவின் பெரிய வைன் மையம். இந்தப் பக்கங்களிலிருந்து தமிழ்நாட்டின் மேற்கு, தெற்கு மாவட்டங்களுக்குச் சாலை வழியாக வரும் சரக்குக்கு ஓசூர், தருமபுரி, சேலம் பாதைதான் வசதி.

லாரிக்குள் என்னென்ன கருவிகள் இருக்கும்?

டேட்டா லாகர்: தீப்பெட்டி அளவிலிருந்து செல்போன் அளவு வரை கிடைக்கிறது. சில நிமிடங்களுக்கு ஒருமுறை வெப்பநிலையையும் ஈரப்பதத்தையும் நேரத்துடன் பதிவு செய்யும். இதை எங்கே வைக்கிறார்கள் என்பது முக்கியம். குளிர்காற்று வரும் வாய்க்குப் பக்கத்தில் வைத்தால் எப்போதும் நல்ல எண்தான் காட்டும். காற்று சீக்கிரம் சூடாகும், சீக்கிரம் குளிரும். பாட்டிலுக்குள் இருக்கும் திரவம் மெதுவாகத்தான் மாறும். அதனால் பெட்டிகளுக்கு நடுவில் ஒன்று, கதவுப் பக்கம் ஒன்று என்று குறைந்தது இரண்டாவது வேண்டும்.

ஜி.பி.எஸ் மற்றும் சிம்: வண்டி எங்கே இருக்கிறது என்பதை ஜி.பி.எஸ் சொல்லும்; அந்தத் தகவலை செல்போன் நெட்வொர்க் வழியாக சிம் அனுப்பும். காடு, மலைப் பகுதிகளில் சிக்னல் போய்விட்டால் நல்ல கருவி தகவலைத் தன்னிடமே சேமித்து வைத்து, சிக்னல் கிடைத்ததும் மொத்தமாக அனுப்பிவிடும். மலிவான கருவிகளில் இந்த வசதி இருக்கிறதா என்று கேட்டு வாங்க வேண்டும்.

அதிர்வு சென்சார்: பெட்டி கீழே விழுந்ததா, சாய்ந்ததா, எத்தனை மணிக்கு என்று பதிவாகும்.

எலக்ட்ரானிக் பூட்டு: கதவு எங்கே, எப்போது திறந்தது என்று சொல்லும். இறக்க வேண்டிய குடோனைச் சுற்றி மேப்பில் ஒரு எல்லை வரைந்து, அதற்கு வெளியே திறந்தால் உடனே எச்சரிக்கை போகும்படி செய்யலாம்.

பாட்டில் டேக்: விலை உயர்ந்த பாட்டில்களில் சிறிய சிப் ஒட்டப்படுகிறது. செல்போனைக் காட்டினால் இது எந்தப் பாட்டில் என்று தெரியும். பாட்டிலை மாற்றிவைக்கும் மோசடி உலகம் முழுக்க நடக்கிறது. அமெரிக்காவில் ரூடி குர்னியாவன் என்பவர் சாதாரண வைனைக் கலந்து அரிய பழைய வைன் என்று விற்ற வழக்கில் 2014-ல் 10 ஆண்டு சிறைத் தண்டனை பெற்றார்.

தொப்பூரில் இந்தக் கருவி இன்னொன்றையும் பார்க்கும்

தருமபுரியிலிருந்து சேலம் நோக்கிப் போகும்போது தொப்பூர் கணவாய் தொடர் இறக்கம். டீசலை மிச்சப்படுத்த சில டிரைவர்கள் கியரை நியூட்ரலில் போட்டு வண்டியை உருளவிடுகிறார்கள். அப்போது இன்ஜின் வண்டியைப் பிடித்து நிறுத்தாது. முழு பாரமும் பிரேக் மேல் விழும். பிரேக் சூடாகிப் பிடிப்பு போய்விடும். 2020 டிசம்பரிலும் 2024 ஜனவரியிலும் இங்கே நடந்த தொடர் மோதல்களில் தலா 4 பேர் உயிரிழந்தனர். முன்னால் போன கார்களில் இருந்தவர்களுக்கு லாரியில் என்ன சரக்கு இருந்தது என்பதே தெரிந்திருக்காது.

வண்டியின் இன்ஜினோடு இணைக்கப்பட்ட கருவியால் இதைக் கண்டுபிடிக்க முடியும். வேகம் ஏறிக்கொண்டே போகிறது, ஆனால் இன்ஜின் சும்மா ஓடும் அளவில்தான் சுற்றுகிறது என்றால் வண்டி நியூட்ரலில் இருக்கிறது என்று அர்த்தம். டிரைவருக்கு அந்த நொடியிலேயே பீப் சத்தம் கொடுக்கலாம். முதலாளியின் போனுக்கும் தகவல் போகும். சரக்கைக் காப்பாற்ற வாங்கிய கருவி, சாலையில் போகிற உயிர்களையும் காப்பாற்றும் இடம் இது. ஆனால் ஒரு விஷயம். குறிப்பிட்ட நேரத்துக்குள் போய்ச் சேரவில்லை என்றால் சம்பளத்தைப் பிடிப்போம், டீசல் கணக்கில் கழிப்போம் என்று சொல்லிக்கொண்டே பீப் சத்தம் மட்டும் கொடுத்தால் அதனால் பயன் இல்லை.

பாஸ்டேக், இ-வே பில் போதாதா?

பாஸ்டேக் 2021 பிப்ரவரியில் கட்டாயமானது. அது சுங்கச்சாவடியில் வண்டி கடந்த நேரத்தை மட்டும்தான் சொல்லும். இரண்டு சாவடிக்கு நடுவில் என்ன நடந்தது என்று தெரியாது. இ-வே பில்லைப் பொறுத்தவரை, மனிதர் அருந்தும் மது ஜி.எஸ்.டி வரம்புக்கு வெளியே இருப்பதால் அதற்கு இ-வே பில் தேவையில்லை. அதற்குப் பதில் மதுவிலக்கு ஆயத்தீர்வை துறையின் அனுமதிச் சீட்டு வேண்டும்.

தமிழ்நாட்டில் இதில் கூடுதல் கவனம் தேவை. 1937 அக்டோபர் 1-ம் தேதி ராஜாஜி முதன்முதலில் மதுவிலக்கைக் கொண்டுவந்தது அன்றைய சேலம் மாவட்டத்தில்தான். 1965 வரை தருமபுரியும் அந்த மாவட்டத்தில்தான் இருந்தது. அந்த 1937 சட்டம்தான் திருத்தங்களோடு இன்றும் அமலில் இருக்கிறது. மொத்த விற்பனை 1983-லிருந்தும், சில்லறை விற்பனை 2003-லிருந்தும் டாஸ்மாக் கையில் இருக்கிறது. தனிநபர் ஒருவர் பெங்களூரிலிருந்து வீடு மாறும்போது, "என் சொந்த கலெக்‌ஷன்தானே" என்று அனுமதி இல்லாமல் எடுத்துவந்தால் வழக்கும் வரலாம், வண்டியும் பறிமுதல் ஆகலாம். ஜி.பி.எஸ் இருப்பது அனுமதிச் சீட்டுக்கு மாற்று ஆகாது.

கெட்டுப்போச்சு. யார் பொறுப்பு?

இங்கேதான் பதிவு கைகொடுக்கும். சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம் 2007-ன் கீழ், சரக்கின் மதிப்பை அனுப்புபவர் முன்கூட்டியே எழுதிக் கொடுத்து அதிக பொறுப்பை ஏற்க வைக்காவிட்டால், போக்குவரத்து நிறுவனத்தின் பொறுப்பு பொதுவாக வாடகையின் 10 மடங்கோடு நின்றுவிடும். லட்சக்கணக்கில் மதிப்புள்ள சரக்குக்கு சில ஆயிரம் வாடகை என்றால் கணக்குப் போட்டுப் பாருங்கள். வழக்குப் போடுவதற்கு முன், சரக்கை புக் செய்த நாளிலிருந்து 180 நாட்களுக்குள் எழுத்துப்பூர்வமாக நோட்டீஸ் கொடுக்கவும் வேண்டும்.

இன்சூரன்ஸ் இருந்தாலும், தாமதத்தால் வந்த நஷ்டம், பொருளின் இயல்பால் வந்த கேடு ஆகியவற்றுக்குப் பொதுவாக இழப்பீடு கிடைக்காது. பாலிசியில் குளிரூட்டும் யூனிட் பழுது தனியாகச் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எத்தனை மணிக்கு யூனிட் நின்றது, எவ்வளவு நேரம் என்ற பதிவு இருந்தால்தான் எதனால் கெட்டது என்று நிரூபிக்க முடியும். கோர்ட்டுக்குப் போனால் 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதிநியத்தின் 63-வது பிரிவின்படி சான்றிதழோடு தாக்கல் செய்ய வேண்டும். செல்போன் ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது.

சரக்கை வாங்குபவர் செய்ய வேண்டியது

கையெழுத்துப் போடுவதற்கு முன் லாகர் பதிவைக் கேளுங்கள். எண் மட்டும் பார்க்காமல், இடையில் பதிவு விட்டுப்போயிருக்கிறதா என்றும் பாருங்கள். சில மணி நேரம் வெறுமையாக இருந்தால் அதற்கு விளக்கம் வேண்டும். சந்தேகம் இருந்தால் டெலிவரி சீட்டிலேயே எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

வைன் குடிக்காதவங்களுக்கு இதில் என்ன இருக்கு?

முற்றிய, இன்னும் பழுக்காத மாங்காயைக் கெடாமல் வைத்திருக்க ஏற்ற வெப்பநிலையும் சுமார் 13 டிகிரிதான். அதற்கும் கீழே ரொம்பக் குளிர்ந்தால் தோல் கறுத்து, சரியாகப் பழுக்காமல் போகும். தடுப்பூசிக்கு 2 முதல் 8 டிகிரி. அதற்காக 2015-ல் தொடங்கிய ஈவின் திட்டத்தில் மத்திய அரசு நாடு முழுக்க தடுப்பூசி சேமிப்பு மையங்களில் வெப்பநிலை சென்சார்களை வைத்திருக்கிறது. தருமபுரி மாம்பழமோ, பாலக்கோடு தக்காளியோ வெளியூர் போய்ச் சேரும்போது "மால் அடிபட்டிருக்கு" என்று சொல்லி விலையைக் குறைத்தால், விவசாயியிடம் இன்று மறுத்துப் பேச ஆதாரம் எதுவும் இல்லை. திரும்பத் திரும்பப் பயன்படுத்தக்கூடிய ஒரு லாகர் பெட்டிக்குள் இருந்தால், சரக்கு தோட்டத்தில் கெட்டதா, வழியில் கெட்டதா என்று அவரும் கேட்கலாம்.