கைக்கொரு மணி

மணியோசை தமிழருக்குப் புதிதன்று. கன்றை இழந்த பசுவொன்று அரண்மனை வாயிலின் மணியை அசைத்து நீதி கேட்ட செய்தியைச் சிலப்பதிகாரத்தில் கண்ணகி பாண்டியன் அவையில் எடுத்துரைக்கிறாள். கோயிலில் பூசை மணி, வீதியில் சேகண்டி, பள்ளியில் தொங்கும் தண்டவாளத் துண்டு, தேவாலயத்தில் கோபுர மணி என்று நம் நாளெல்லாம் மணியோசையோடு விடிந்து மணியோசையோடு அடைகின்றது. இம்மணிகள் யாவும் அழைக்கும்; அறிவிக்கும்; ஆனால் பாடமாட்டா. பல மணிகளைப் பலர் கையில் கொடுத்து, அவற்றை ஒரே பாட்டாகப் பாடவைக்கும் கலை ஒன்று உண்டு. மேலைநாட்டுத் தேவாலயங்களில் வாலிபரும் கன்னியரும் வெண்ணிறக் கையுறை அணிந்து, நீண்ட மேசையின் பின்னே வரிசையாக நின்று இசைக்கும் கைமணிக் குழுவே அது. அதன் வரலாற்றை மும்பைத் தமிழராகிய நாம் அறிவதால் பயன் உண்டு என்று கருதியே இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

இக்கலை பிறந்த இடம் இங்கிலாந்து. அங்குத் தேவாலயக் கோபுரங்களில் ஐந்து, ஆறு, எட்டு என மணிகளை அமைத்து, ஒவ்வொன்றையும் ஒரு முழுச் சக்கரத்தில் பூட்டி, கயிற்றால் இழுத்து ஒலிப்பர். பெரும் எடையுள்ள மணியைப் பாட்டின் வேகத்துக்கு ஏற்ப இழுத்தல் அரிது. ஆகவே அவர்கள் பாட்டை விட்டுக் கணக்கைப் பற்றினர். மணிகளை ஒன்றன்பின் ஒன்றாக ஒலித்து, ஒவ்வொரு சுற்றிலும் வரிசையை மாற்றிக்கொண்டே செல்வர். ஒரு முறை வந்த வரிசை மறுமுறை வரலாகாது. ஏழு மணிகளுக்கு இவ்வாறு 5,040 வரிசைகள் உண்டு. ஒலித்து முடிக்க ஏறத்தாழ மூன்று மணி நேரம் ஆகும். எட்டு மணிகளுக்கோ 40,320 வரிசைகள்! 1963ஆம் ஆண்டில் லஃப்பரோ நகர மணி வார்ப்பகத்தில் எட்டுப் பேர் ஏறக்குறையப் பதினெட்டு மணி நேரம் கயிற்றை விடாது நின்று அத்தனையையும் ஒலித்து முடித்தனர். இக்கணக்குக்கு இலக்கணம் போன்ற நூலை 1677ஆம் ஆண்டிலேயே ஃபேபியன் ஸ்டெட்மன் என்பார் வெளியிட்டார்.

இத்துணைக் கடினமான கணக்கைப் பழகாமல் ஒலிக்க இயலுமோ? கோபுரத்தில் பழகினால் ஊரார் உறக்கம் கெடும். குளிர்காலத்தில் கோபுர அறையில் நிற்றலும் அரிது. ஆகவே கையில் அடங்கும் சிறு மணிகளை வார்த்து, வீட்டிலும் விடுதியிலும் கணப்படுப்பின் அருகே அமர்ந்து பழகத் தொடங்கினர். பதினேழாம் நூற்றாண்டின் இறுதியிலும் பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் வில்ட்ஷயர் மாநிலத்து ஆல்ட்போர்ன் என்னும் சிற்றூரில் கோர் குடும்பத்தார் இத்தகைய மணிகளை வார்த்துப் பெயர் பெற்றனர். அண்டை வீட்டாருக்கு அஞ்சிப் பிறந்த இசைக்கருவி இது என்பது, சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளில் வாழும் நமக்கு நன்கு விளங்கும்.

பழகுவதற்கென வந்த மணியே பின்னர்ப் பாட்டுக்குரிய மணியாயிற்று. கையில் எடுத்து வேண்டிய நேரத்தில் அசைக்க முடியுமாதலால், கோபுர மணியால் இயலாத மெட்டு இதனால் இயன்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வட இங்கிலாந்தின் ஆலைத் தொழிலாளர் பலர் கைமணிக் குழுக்கள் அமைத்துப் போட்டியிட்டனர். 1840களில் அமெரிக்கக் காட்சியாளர் பார்னம், லங்காஷயர் குழு ஒன்றை அழைத்துச் சென்று, அவர்களுக்குச் சுவிட்சர்லாந்து உடை அணிவித்து, சுவிஸ் மணியிசையாளர் என்றே விளம்பரம் செய்தார்! பிழைக்கச் சென்ற இடத்தில் வேற்று வேடம் பூண நேர்ந்தவர் நாம் மட்டுமல்லர். 1902ஆம் ஆண்டில் பாஸ்டன் நகரத்து மார்கரெட் ஷர்கிளிஃப் அம்மையார் இலண்டனில் கோபுர மணி ஒலித்துத் திறம் காட்டி, கைமணிகளைப் பரிசாகப் பெற்றுத் தம் ஊர் மீண்டார். அவர் முயற்சியால் 1937ஆம் ஆண்டில் நியூ இங்கிலாந்திலும், 1954ஆம் ஆண்டில் அமெரிக்கா முழுமைக்கும் கைமணியாளர் சங்கங்கள் தோன்றின. அதன்பின் தேவாலய வாலிபர் குழுக்கள் வாயிலாகவே இக்கலை பெரிதும் பரவிற்று.

மும்பையும் மணிகளுக்குப் பெயர் பெற்ற நகரமே. கொலாபாவில் 1858ஆம் ஆண்டில் திருநிலைப்படுத்தப்பட்ட ஆப்கன் தேவாலயத்தின் கோபுரத்துக்கு 1904ஆம் ஆண்டில் இங்கிலாந்திலிருந்து எட்டு மணிகள் வந்தன. 1878ஆம் ஆண்டில் எழுந்த இராஜாபாய் கோபுரத்தில் பதினாறு மணிகள் அமைந்து, ஒரு காலத்தில் இயந்திரத்தின் வழியே பாட்டுகளையும் இசைத்தன. இவற்றினும் வியப்புக்குரியது வசையின் கதை. 1739ஆம் ஆண்டில் சிம்மாஜி அப்பா போர்த்துகீசியரிடமிருந்து வசைக் கோட்டையை வென்றபோது, அங்குள்ள தேவாலய மணிகள் மராட்டியரின் வெற்றிப் பொருள்களாயின. நாசிக்கின் நாரோசங்கர் கோயிலிலும் பீமாசங்கரத்திலும் இன்றும் தொங்கும் பெருமணிகள் அவ்வாறு வந்தனவே. சிலுவைக்கு முன் ஒலித்த நா சிவனுக்கு முன் ஒலிக்கின்றது, ஓசை மாறவில்லை. மணிக்கு மொழியும் மதமும் இல்லை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இனிக் கைமணியின் அமைப்பைக் காண்போம். நம் பூசை மணியின் நா எப்பக்கமும் அசையும். கைமணியின் நாவோ முன்னும் பின்னும் மட்டுமே அசையும். சிறு வில் ஒன்று அதைத் தடுத்து நிறுத்துவதால், ஒரு வீச்சுக்கு ஓர் ஒலியே எழும். ஒலியை நிறுத்த வேண்டுமாயின் மணியைத் தோளில் சாய்த்து அடக்குவர். செம்பு ஐந்தில் நான்கு பங்கும் வெள்ளீயம் ஒரு பங்கும் ஏறக்குறையக் கலந்த வெண்கலத்தால் இம்மணி வார்க்கப்படுகிறது. விரல் வியர்வை பட்டால் மெருகு மங்குமாதலால் கையுறை அணிவர். வெள்ளீயம் மிகுந்த வெண்கலம் நம் முன்னோர் அறியாததன்று. தாராவித் தமிழர் பலரின் பூர்விகமாகிய நெல்லைச் சீமையில், ஆதிச்சநல்லூர்த் தாழிக்காட்டில் அத்தகைய கலங்கள் கிடைத்துள்ளன.

இரண்டு ஸ்தாயிகளுக்கு 25 மணிகள் வேண்டும். ஐந்து ஸ்தாயிகளுக்கு 61. ஒருவர் கையில் பெரும்பாலும் இரண்டே மணிகள். ஆகவே ஒருவர் தனித்து ஒரு பாட்டையும் இசைக்க இயலாது. பாடகர் குழுவில் ஒரு குரல் வாராவிடில் மற்றக் குரல்கள் அதை மறைத்துவிடும். கைமணிக் குழுவில் ஒருவர் வாராவிடில், அவருடைய சுரம் வரவேண்டிய இடமெல்லாம் பாட்டில் பள்ளம் விழும். இக்கருவிக்கு ஒரு குறையும் உண்டு. வார்த்த மணியின் சுரம் அசையாது. கமகம் அதில் வாராது. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) வழிவந்த கீர்த்தனைகளின் குழைவை அதனிடம் எதிர்பார்த்தல் கூடாது. அதற்கு நம் குரல்களே வேண்டும்.

கூட்டாக மணி ஒலித்துப் பாடும் மரபு நமக்கும் உண்டு. நெல்லை, குமரி மாவட்டங்களின் வில்லுப்பாட்டில் வில்லின் நாணில் மணிகள் கட்டியிருக்கும். வீசுகோல் விழும்போது அவை குலுங்கும். குடமும் உடுக்கையும் தாளமும் தத்தம் முறைக்கு ஒலிக்கும். பின்பாட்டுக்காரர் உரிய இடத்தில் ஆமாம் போடாவிட்டால் புலவர் வாய் அடைபடும்.

இவ்வுண்மையை நாம் நேரில் கண்டதும் உண்டு. தாராவியில் எமக்குத் தெரிந்த ஒரு சபையின் வாலிபர் எண்மர், கைமணிக் குழுவைப் படத்தில் பார்த்துவிட்டு, கிறிஸ்துமஸ் விழாவுக்கு அவ்வாறே இசைக்க விரும்பினர். மணிகளின் விலையோ அவர்கள் எட்ட முடியாதது. பித்தளைக் கடையில் வாங்கிய மணிகள் சுரம் சேரவில்லை. ஆகவே எட்டுப் பீங்கான் கிண்ணங்களில் நீர் ஊற்றிச் சுரம் கூட்டி, ஆளுக்கொரு கிண்ணமும் ஒரு குச்சியும் எடுத்துக்கொண்டனர். பழகுவதற்கு இடம் இன்மையால், அவர்களுள் ஒருவன் வீட்டு ஒற்றை அறையில், அடுப்பங்கரைக்கும் கட்டிலுக்கும் இடையே, ஒரு மாதம் இரவுதோறும் பழகினர். அவன் கையில் இருந்தது மத்திமக் கிண்ணம். விழா நாளன்று அவனுக்கு எதிர்பாராமல் இரவுப் பணி வந்தது. மெட்டிலோ அடிக்கு இருமுறை மத்திமம் வரும். எழுவரும் திகைத்து நின்றபோது, முன்வரிசையில் அமர்ந்திருந்த அவன் தாய் எழுந்து வந்தார்.

“நான் தட்டுதேன் தம்பி. ஒரு மாசமா அடுப்புப் பக்கத்துல இருந்து கேட்டுக்கிட்டுத்தான இருக்கேன்” என்றார்.

சுரத்தின் பெயர் அறியாத அவ்வம்மையார் ஓரிடத்திலும் தவறவில்லை. ஒரே ஓரிடத்தில் சற்றே முந்திவிட்டார். அதுவும் மகன் வழக்கமாக முந்தும் இடமே என்று பிள்ளைகள் பின்னர்ச் சொல்லிச் சிரித்தனர்.

தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் நம் பிள்ளைகள் வளர்கின்றனர். பள்ளியில் ஒரு மொழி, தெருவில் ஒரு மொழி, வீட்டில் ஒரு மொழி. சங்க விழாவுக்கும் சபைக் கூட்டத்துக்கும் அவர்களை அழைத்தால், நான் ஒருவன் வராவிட்டால் என்ன என்று கேட்கின்றனர். பெரிய கூட்டத்தில் அக்கேள்விக்கு விடை கூறுதல் கடினம். ஆகவே அவர்களைப் பார்வையாளராக அமர்த்துவதை விடுத்து, ஆளுக்கொரு சுரத்தைக் கையில் கொடுப்போமாக. அது மணியாயினும் சரி, கிண்ணமாயினும் சரி, வில்லுப்பாட்டின் உடுக்கையாயினும் சரி. தன் சுரம் இன்றிப் பாட்டு நில்லாது என்று அறிந்த பிள்ளை, அழையாமலே வந்து நிற்கும்.